நடைவீதி வரட்டும், பூக்கூடை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர் தென்மாவட்டத்தில் ஒரு நகராட்சி. பேருந்து நிலையத்தைப் புறவழிச்சாலைக்குக் கொண்டுபோன பிறகு பழைய கடைவீதி களையிழந்து கிடக்கிறது. இப்போது அதைப் புதுப்பித்து, வண்டி வராத நடைவீதியாக மாற்றப் போகிறார்களாம். பெஞ்சு, அலங்கார விளக்கு, கல் பதித்த தரை எல்லாம் வருமாம். என் அம்மா அந்தத் தெருவின் கோவில் முனையில் 22 வருடமாகப் பூ விற்கிறார். அதற்கு முன் பாட்டி அதே இடத்தில் விற்றார். 'வேலை தொடங்கினால் தரைக்கடைகளை எல்லாம் காலி செய்துவிடுவார்கள். புது வணிக வளாகத்தில் முதல் மாடியில் கடை வாங்கித் தருகிறேன், 40,000 ரூபாய் கொடுங்கள்' என்று ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்கிறார். நகையை அடகு வைத்துக் கொடுத்துவிடலாமா என்கிறார் அம்மா. என்ன செய்வது?"

கொடுக்காதீர்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

நகராட்சி வளாகத்துக் கடைகள் பொது ஏலத்தில் போகும். இடம் மாற்றப்படுகிறவர்களுக்கு ஒதுக்குவதென்றால் பட்டியல் போட்டு ஒதுக்குவார்கள். இரண்டு வழியிலும் நடுவில் ஒருவர் வீட்டுக்கு வந்து ரொக்கம் வாங்குவதற்கு வேலையே இல்லை. இருபது வருடமாக இந்த மாதிரித் திட்டங்களில் வேலை செய்கிறேன். எந்த ஊரில் கடைவீதிக்குத் திட்டம் என்று பேச்சு கிளம்பினாலும், அளவெடுக்க ஆள் வருவதற்கு முன்பே இவர்கள் வந்துவிடுகிறார்கள். கட்சிக்காரர் பெயரைச் சொல்வார்கள், சங்கத்தின் பெயரைச் சொல்வார்கள், அதிகாரியின் வண்டி ஓட்டுநரோடு டீக்கடையில் நின்று பேசிக் காட்டுவார்கள். ஒரு ஊரில் லேமினேட் செய்த அட்டையில் ஊர் முத்திரை மாதிரி ஏதோ அச்சடித்து, அதுதான் அடையாள அட்டை என்று ஆளுக்கு 3,000 ரூபாய் வாங்கியிருந்தார்கள். வடை விற்கிற ஒரு பாட்டி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கல்லாப் பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார். எடுத்து என்னிடம் நீட்டினார். அதற்கு மதிப்பில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

அதே ஆள் "சாலையோர விற்பனைச் சான்றிதழை வாங்கித் தருகிறேன்" என்றோ, "வேறொருவர் சான்றிதழை உங்கள் பெயருக்கு மாற்றித் தருகிறேன்" என்றோ வந்தாலும் நம்பாதீர்கள். சாலையோர வியாபாரிகள் சட்டம் என்று 2014-ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் இருக்கிறது. அதன்படி அந்தச் சான்றிதழை விற்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது. வியாபாரம் செய்கிறவர் பெயரில், அவரோ அவர் குடும்பத்தாரோ உட்கார்ந்து விற்பதற்காகக் கொடுப்பது அது.

இனி அம்மாவின் உண்மையான பயத்துக்கு வருகிறேன். வேலை தொடங்கியதும் தூக்கிவிடுவார்களா?

அந்தச் சட்டத்தின் மூன்றாவது பிரிவை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் உள்ள சாலையோர வியாபாரிகளைக் கணக்கெடுத்து முடித்து, எல்லோருக்கும் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் காலி செய்யவும் கூடாது, வேறு இடத்துக்கு மாற்றவும் கூடாது. அதன் பிறகு மாற்றுவதாக இருந்தாலும் 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். நாளைக்கே பொக்லைன் வந்து நின்றால் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "கணக்கெடுப்பு முடிந்துவிட்டதா, என் அம்மாவின் சான்றிதழ் எங்கே?" கூடையையோ பலகையையோ எடுத்துக்கொண்டு போனால், எடுத்த பொருளுக்குப் பட்டியல் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பூ மாதிரி வாடிப்போகும் சரக்கைக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும், மற்றப் பொருளை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். இதையும் சட்டமே சொல்கிறது.

"கூட்டம் அதிகம், அதனால் இது விற்பனை செய்யக் கூடாத பகுதி" என்று பலகை மாட்டுவது அதிகாரிகளுக்குப் பிடித்த வழி. அதுவும் செல்லாது. நெரிசலைக் காரணமாக வைத்து ஒரு இடத்தை அப்படி அறிவிக்கக் கூடாது என்று சட்டத்தின் அட்டவணையில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

அதே சட்டத்தில் உங்களுக்கென்றே எழுதியது போல இன்னொரு வரி இருக்கிறது. பாட்டி காலத்திலிருந்து என்று நீங்கள் எழுதியதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மக்களும் வியாபாரிகளும் தாங்களாகவே கூடி உருவான சந்தையை இயற்கைச் சந்தை என்கிறார்கள். அப்படி ஒரு சந்தை 50 வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நடந்துவந்தால் அதைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருக்கும் வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது. இதில் பலரும் ஒரு இடத்தில் குழம்புகிறார்கள். 50 வருடம் என்பது அம்மாவின் வயதுக்கோ அனுபவத்துக்கோ உரிய கணக்கு இல்லை, சந்தைக்கு உரிய கணக்கு. அம்மா 22 வருடம்தான் விற்றார் என்பதால் உரிமை போய்விடாது. அதே சமயம், பாட்டியும் அம்மாவும் சேர்ந்து 50 வருடம் விற்றோம் என்று உங்கள் குடும்பக் கதையை மட்டும் சொன்னாலும் போதாது. கோவில் முனையில் பூக்கடைகள் வரிசையாக இருந்தன என்று காட்ட வேண்டும்.

எப்படிக் காட்டுவது? வீட்டில் தேடுங்கள். தரைக்கடைக்குச் சுங்கம் வசூலிக்கக் குத்தகை எடுத்தவர்கள் தினமும் கிழித்துக் கொடுக்கும் சின்னச் சீட்டைப் பழைய ஆட்கள் அரிசிப் பானையிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் சொருகி வைத்திருப்பார்கள். வெளிறிப்போயிருந்தாலும் பரவாயில்லை, எடுத்து வையுங்கள். கோவில் தேரோட்டப் படங்களைப் பாருங்கள். ஊரில் பழைய ஸ்டுடியோ வைத்திருப்பவரிடம் கேட்டால் எழுபதுகளின் படம் கிடைக்கலாம். தேருக்குப் பின்னால் பூக்கடை வரிசை தெரிந்தால் அதைவிடச் சாட்சி வேண்டாம். அதோடு தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு நகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு போடுங்கள்: "இந்தத் தெருவில் தரைக்கடைச் சுங்கம் வசூலிக்கக் குத்தகை விட்ட மிகப் பழைய ஆவணத்தின் நகல் வேண்டும்." 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தன் கையால் சுங்கம் வசூலித்த நகராட்சி, அங்கே சந்தையே இல்லை என்று அப்புறம் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று, சந்தைக்கு 50 வருடம் ஆனதும் அறிவிப்பு தானாக வந்துவிடாது. பூக்கடைக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, நகர விற்பனைக் குழுவிடம் மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும்.

நகர விற்பனைக் குழு என்றதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆணையர் தலைமையில் அமையும் இந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால் நான் போன ஊர்களில் பாதிக்கு மேல், குழு எப்போது கூடியது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கூட்டக் குறிப்பேடு கேட்டால் அந்த எழுத்தர் இன்று விடுப்பு என்கிறார்கள். நடைவீதியின் கணினிப் படம் மட்டும் ஆணையர் அறைச் சுவரில் பெரிதாகத் தொங்குகிறது. படத்தில் மரம் இருக்கிறது, தொப்பி போட்ட குழந்தை இருக்கிறது, பலூன் இருக்கிறது. பூக்கூடை இருக்காது. வரைந்தவர் அந்தத் தெருவில் ஒரு சாயங்காலம் கூட நின்றிருக்க மாட்டார்.

முதல் மாடிக் கடை அம்மாவுக்கு ஏன் உதவாது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். பூ வாங்க யாரும் திட்டம் போட்டு வீட்டிலிருந்து கிளம்புவதில்லை. பேருந்தை விட்டு இறங்கி, கோவிலைத் தாண்டி நடக்கிற பெண் கண்ணில் மல்லிகை பட்டதும் நின்று, "ரெண்டு முழம் குடுங்கக்கா" என்கிறார். அவரை இருபது படி ஏறச் சொன்னால் ஏற மாட்டார். சென்னை தி.நகர் பாண்டி பஜாரின் நடைபாதை வியாபாரிகளை 2013-ல் பல மாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். மேலே ஆள் ஏறி வருவதில்லை என்று அங்கே போனவர்கள் அப்போதே முறையிட்டார்கள். இன்னொரு ஊரில் நானே பார்த்தேன். சாலையோர வியாபாரிகளுக்கென்று கட்டிய வளாகத்தின் மாடியில் பத்துக்கு எட்டு ஷட்டர் மூடிக் கிடந்தன. திறந்திருந்த ஒன்றில் கீழ்க்கடைக்காரரின் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பூக்காரர்கள் படிக்கட்டுக்குக் கீழே பழையபடி கூடை வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

இதைச் சொல்வதால் நடைவீதியே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு நடைவீதி பிடிக்கும், அதற்காகத்தான் வேலை செய்கிறேன். பாண்டி பஜாரிலேயே 2019 நவம்பரில் அகலமான நடைபாதை திறந்த பிறகு பெரியவர்களும் குழந்தைகளும் பயமில்லாமல் நடக்கிறார்கள். பிரேசிலின் குரிச்சிபா நகரத்தில் 1972-ல் மேயர் ஜைமே லெர்னர் முக்கியக் கடைத்தெரு ஒன்றை வாகனம் வராத தெருவாக மாற்றினார். கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். அவர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வேலையைத் தொடங்கி வார இறுதிக்குள் முடித்துக் காட்டினார். வியாபாரம் கூடியதைப் பார்த்த பிறகு, பக்கத்துத் தெருக்களையும் மாற்றச் சொல்லிக் கடைக்காரர்களே கேட்டார்கள். ஆனால் இதே வேலை தோற்றும் இருக்கிறது. சிகாகோவில் ஸ்டேட் தெருவில் 1979-ல் கார்களை நிறுத்தி நடைபாதையை அகலமாக்கினார்கள். தெரு வெறிச்சோடியது. 1996-ல் திரும்பவும் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். கல்லும் பெஞ்சும் ஆளைக் கூட்டிவராது. தெருவுக்கு வருவதற்கு ஏதாவது காரணம் இருக்க வேண்டும்.

உங்கள் ஊர்க் கடைவீதி வாடியதற்குக் காரணம் பேருந்து வெளியே போனதுதான். கல் பதித்தால் பேருந்து வந்துவிடாது. புது நிலையத்திலிருந்து கோவில் முனைக்கு அடிக்கடி மினி பஸ் வேண்டும் என்பதை முதல் கோரிக்கையாக வையுங்கள். அது வந்தால் அம்மாவுக்கும் வியாபாரம், எதிரே இருக்கும் பாத்திரக்கடைக்கும் வியாபாரம். பாத்திரக்கடைக்காரரையும் சேர்த்துக்கொண்டு பேசுங்கள். தரைக்கடைக்கும் பெரிய கடைக்கும் சண்டை மூட்டிவிட்டால் அதிகாரிகளுக்கு வேலை சுலபம்.

அடுத்து, கான்கிரீட் போடுவதற்கு முன்னால் ஒரு மாதம் ஒத்திகை கேளுங்கள். தடுப்பு வைத்து, மாலை நாலு மணியிலிருந்து பத்து மணி வரை வண்டியை நிறுத்திப் பார்க்கட்டும். பெரிய செலவு இல்லை. நான் வேலை செய்த ஒரு ஊரில் விடியற்காலை ஐந்து மணிக்கு வியாபாரிகளோடு தெருவில் இறங்கினோம். கையில் டேப், ஒரு பை கோலப்பொடி. நடக்கிறவர்களுக்கு 1.8 மீட்டர் விட்டுக் கோடு போட்டோம். சாலைகளுக்கு அளவு விதிகள் வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸ் என்ற அமைப்பு, நடைபாதைக்குச் சொல்லும் குறைந்தபட்ச அகலம் அது. மீதி இடத்தில் ஒவ்வொருவரும் தன் கூடையை வைத்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு அக்கா எழுந்து, "சாயங்கால வெயில் நேரே மூஞ்சில அடிக்கும் சார், பூ ஒரு மணி நேரத்துல கருகிடும்" என்றார். அவர் வரிசையை மரத்தின் கிழக்குப் பக்கம் நகர்த்தினோம். பல லட்சம் கொடுத்துத் தயாரித்த திட்ட அறிக்கையில் அந்த வெயில் இல்லை. குடிநீர்க் குழாயும் கழிப்பறையும் எங்கே வர வேண்டும் என்று அன்று அவர்கள்தான் கையைக் காட்டினார்கள். பகல் முழுக்க உட்கார்ந்து விற்கிற பெண்ணுக்குக் கழிப்பறை எவ்வளவு தூரம் என்பதை விட்டுவிட்டு என்ன நடைவீதி?

இதையெல்லாம் எங்கே சொல்வது? ஆணையரிடம் மனு கொடுங்கள். வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் எழுந்து பேசுங்கள். தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1-லிருந்து அந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. பேசியதைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுதாதது பேசாததற்குச் சமம்.

கடைசியாகக் கணக்கெடுப்பு. எப்போது என்று நகராட்சியில் வாரம் ஒரு தடவையாவது போய்க் கேளுங்கள். பல ஊர்களில் சத்தமில்லாமல் இரண்டே நாளில் முடித்துவிடுகிறார்கள், அன்று கண்ணில் பட்டவர் மட்டும் பட்டியலில் ஏறுகிறார். அந்த நாட்களில் கல்யாணம், காய்ச்சல் எதுவானாலும் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது. உங்கள் மனைவியையோ தங்கையையோ உட்கார வைத்தால் அவர்கள் பெயரில் ஏறிவிடும், அப்புறம் அதைத் திருத்த அலைய வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, இரண்டு புகைப்படம், பழைய சுங்கச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மாவே உட்காரட்டும். எழுதுகிறவர் போவதற்கு முன், அவர் எழுதிய பக்கத்தை உங்கள் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.