பிறக்கும் நட்சத்திரங்களும் சுற்றியுள்ள வாயுவும்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: நட்சத்திரங்கள் பிறக்கும் வாயு மேகம் முழுக்க ஹைட்ரஜன்தானே, ஏன் கார்பன் மோனாக்சைடையே தேடுகிறீர்கள்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களும் ஒன்றேபோல் இருப்பதால் அதற்கு மின் இருமுனை (ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் மின்னூட்டம்) கிடையாது, அதைத் தூண்டி ஒளிரவைக்கச் சுமார் 500 கெல்வின் அளவுக்கு ஆற்றல் வேண்டும், மேகத்துக்குள் இருப்பதோ 10 கெல்வின். கார்பன் மோனாக்சைடு அந்தக் குளிரிலும் சுழன்று 2.6 மில்லிமீட்டர் அலையை வெளியிடும். 1970இல் ஓரியன் நெபுலாவில் வில்சன், ஜெஃபர்ட்ஸ், பென்சியாஸ் மூவரும் பிடித்தது இதைத்தான். அலைநீளம் சற்று நகர்ந்திருந்தால் வாயு நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்று தெரியும். இளம் நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள வாயு, தூசி வட்டின் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போனால் அது சுழல்கிறது, அந்த வேகத்திலிருந்து நடுவில் உள்ள நட்சத்திரத்தின் நிறையையே கணக்கிடலாம்.

ஒரு எச்சரிக்கை: வாயு மிக அடர்ந்த இடங்களில், சுமார் 20 கெல்வினுக்குக் கீழே கார்பன் மோனாக்சைடு தூசியின் மேல் உறைந்துவிடும். சமிக்ஞை மங்கினால் அங்கே வாயு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

கேள்வி: ஊட்டி ரேடியோ தொலைநோக்கியில் பார்க்கலாமா?

முடியாது. அந்தத் தொலைநோக்கி பிடிப்பது 327 மெகாஹெர்ட்ஸ், கார்பன் மோனாக்சைடின் அலையோ 115 கிகாஹெர்ட்ஸ்.

கேள்வி: எச்எல் டாரி என்ற இளம் நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள வளையங்கள் படத்தில் தெரிவதுபோல் ஆரஞ்சு நிறமா?

இல்லை. 2014இல் சிலியில் உள்ள அல்மா ரேடியோ தொலைநோக்கி எடுத்த அந்தப் படம் மில்லிமீட்டர் அலையில் எடுத்தது, நிறம் நாம் பூசியது.

கேள்வி: அந்த வளையங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளிகள் கோள்கள் உண்டாக்கியவை, இது நிரூபணமானது. ஏன் மழுப்புகிறீர்கள்?

மழுப்பவில்லை. கோள் ஒரு நல்ல விளக்கம், ஆனால் நீராவி, கார்பன் மோனாக்சைடு போன்றவை உறையும் எல்லைகளில் தூசியின் தன்மை மாறுவதாலும் வளையம் வரலாம், காந்தப்புலத்தாலும் வரலாம்.

கேள்வி: பிடிஎஸ் 70 என்ற இன்னோர் இளம் நட்சத்திரத்தின் வட்டில் கோளையே பார்த்தார்களே?

பார்த்தார்கள், இடைவெளிக்குள்ளேயே இரண்டு. அதனால்தான் அங்கே உறுதியாகச் சொல்கிறோம். எச்எல் டாரியில் அப்படி ஒரு கோளும் நேரடியாக உறுதியாகவில்லை. ஓர் இடத்துச் சாட்சியை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக முடியாது, இதில் நான் இறங்கிவரப் போவதில்லை.

கேள்வி: அந்த ஆரஞ்சு நிறம் வெப்பத்தாலா?

மேலே பதில் இருக்கிறது, படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: கருந்துளைக்குள் போனால்?

அது என் துறை இல்லை, அதற்கென்று இருப்பவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: என்னிடம் 8 இன்ச் தொலைநோக்கி இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

ஓரியன் நெபுலா. தை மாத இரவில், இடைவார் போன்ற மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே பாருங்கள். நடுவில் டிராபீசியத்தின் நான்கு இளம் நட்சத்திரங்களும் தனித்தனியாகத் தெரியும். நெபுலா சாம்பலாகவோ லேசான பச்சையாகவோதான் தெரியும், படங்களில் வரும் சிவப்பை எதிர்பார்க்காதீர்கள்.