கல் வரம்பு வயிறு தள்ளி நிற்கிறதா? சீமெந்துக்குப் போகுமுன் தண்ணீர் வடியும் கானைப் பாருங்கள்

கேள்வி: வெலிமடைக்குப் பக்கத்தில் எங்களுக்கு 60 பேர்ச்சஸ் சரிவுக் காணி இருக்கிறது. தாத்தா காலத்தில் கல் அடுக்கி, ஆறு படியாகக் கட்டியது. போன மழையில் ஒரு வரம்பு சரிந்துவிட்டது. இன்னொன்று நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. சீமெந்து போட்டுக் கட்டிவிடலாம் என்கிறார் மேசன் பாஸ். பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) பிடித்து ஆறு படியையும் இரண்டாக்கிவிட்டால் வேலை லேசு என்கிறார் அண்ணன். எதைச் செய்வது? போஞ்சி, உருளைக்கிழங்கு, கரட் போடுகிறோம்.

பதில்: இரண்டும் வேண்டாம். விழுந்த கல்லையே எடுத்து, சீமெந்து இல்லாமல் திரும்ப அடுக்குங்கள். காரணத்தைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்.

தள்ளியிருப்பது வரம்பு மட்டுந்தானா, இல்லை மலையே நகர்கிறதா? காணிக்கு மேலே ஏறிப் போய்ப் பாருங்கள். நிலத்தில் பிறை போல வளைந்த வெடிப்பு, நேராக நின்ற மரங்கள் சாய்ந்திருப்பது, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, தெளிவாக வந்த தண்ணீர் திடீரெனக் கலங்கி வருவது, வீட்டுத் தரையில் புதுக் கீறல், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரு கல்லையும் தொடாதீர்கள். கிராம அலுவலர் மூலம் பிரதேச செயலகத்துக்குச் சொல்லி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்களை வரவழைத்துக் காட்டுங்கள். மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிப்பது அவர்கள்தான். மழை பெய்துகொண்டிருந்தால் யாருக்காகவும் காத்திருக்காமல் குடும்பத்தோடு வெளியேறிவிடுங்கள். 2014 அக்டோபர் 29 அன்று காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளை மண் மூடியது உங்கள் பதுளை மாவட்டத்தில்தான்.

அப்படி எதுவும் இல்லையென்றால், சரி, வரம்புக்கு வருவோம்.

கல் வரம்பு மண்ணைத் தாங்கும், தண்ணீரை விட்டுவிடும். ஊவாப் பக்கத்தில் பெருமழை அக்டோபர் தொடங்கி ஜனவரி வரை கொட்டுகிறது. நனைந்த மண்ணின் பாரம் ஒரு பக்கம். அதைவிடப் பெரியது, வெளியேற வழியில்லாமல் சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரின் தள்ளு. அடுக்குக் கல்லில் அது இடுக்குகள் வழியே கசிந்து போய்விடும். சீமெந்தால் அடைத்தால் உள்ளேயே நின்று தள்ளும், ஒருநாள் சுவர் மொத்தமாக விழும். கல் வரம்பு அப்படித் திடீரென்று விழுவது குறைவு. முதலில் வயிறு தள்ளிக் காட்டும், நமக்கு அவகாசம் கிடைக்கும். வீட்டையோ பாதையையோ தாங்கும் சுவர் என்றால் பேச்சு வேறு, அது பொறியியலாளர் பார்க்க வேண்டிய வேலை.

அண்ணனின் யோசனை எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. மூன்று படியை ஒன்றாக்கினால் வரம்பின் உயரமும் மூன்று மடங்காகும். மேல் மண் அடியில் போய், விளையாத அடிமண் மேலே வரும். படியின் அகலத்தை முடிவு செய்வது சரிவுதான். 1660இல் பிடிபட்டுக் கண்டி அரசில் சுமார் 19 வருஷம் கைதியாக இருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நாக்ஸ், மலையில் வெட்டிய நெல் வயல்களைப் பற்றி எழுதும்போது, சரிவுக்குத் தக்கபடி சில 3 அடி அகலம், சில 8 அடி அகலம் என்கிறார். உங்கள் தாத்தா குறுகலாகக் கட்டியதும் இதே காரணத்துக்காகத்தான் இருக்கும்.

வேலையைக் கானில் தொடங்குங்கள், கல்லில் அல்ல. நான் பார்த்தவரை வரம்பு தள்ளுவதற்குப் பெரும்பாலும் காரணம் மேலே அடைத்துப்போன கான்தான். தேயிலை மலைகளில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த கான் வெட்டு வேலையின் அருமை இங்கேதான் தெரிகிறது. அந்தக் கான்களுக்கு 120 அடிக்கு 1 அடி வாட்டம் (இறக்கம்) கொடுப்பார்கள். வாட்டம் கூடினால் தண்ணீர் மண்ணை அரிக்கும், குறைந்தால் தேங்கும்.

இதை அளக்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. இரண்டு நீளக் கம்பை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களுக்கிடையே சரியாக 5 அடி விட்டு, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, குறுக்குக் கம்பில் நூல் தொடும் இடத்தைக் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி அதே தடத்தில் வைத்து மறுபடியும் குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். இனி தண்ணீர் போகிற பக்கத்துக் காலின் அடியில் அரை அங்குலக் கட்டை ஒன்றை அறைந்துவிட்டால், நூல் நடுப்புள்ளியில் நிற்கும்போது நிலம் 5 அடிக்கு அரை அங்குலம் இறங்குகிறது. உங்களுக்கு வேண்டிய வாட்டம் அதுதான். கானுக்குள் இடையிடையே கொஞ்சம் மண்ணை வெட்டாமல் தடுப்பாக விடுங்கள். தடுப்பு கானின் கரையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். வண்டல் அதில் தங்கும், தண்ணீர் வழிந்து போகும். தங்கிய வண்டலை அள்ளித் திரும்பப் பாத்தியிலேயே போடலாம். கானின் முடிவு கல் பதித்த ஓடையில் சேரட்டும். பக்கத்துக் காணியில் திருப்பிவிடாதீர்கள்.

கல் அடுக்குவதை ஜூலை, ஆகஸ்ட் வெயில் காலத்தில் வைத்துக்கொண்டு, ஒக்டோபர் மழைக்குமுன் முடித்துவிடுங்கள். தள்ளியிருக்கும் வரம்பை முழுவதும் பிரிக்காமல், ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கட்டுங்கள். மேல் மண்ணைத் தனியே குவியுங்கள். அத்திவாரம் கெட்டி மண் வரும்வரை இறங்க வேண்டும், அதன் தளம் மலைப் பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். அடி அகலம் உயரத்தில் பாதியாவது இருக்கட்டும். 3 அடி உயரத்துக்கு அரை அடி என்ற கணக்கில் வரம்பு உள்ளே சாயட்டும்.

எல்லோரும் தவறுகிற இடம் நீளக் கல்தான். அழகான நீளப் பக்கம் வெளியே தெரியட்டும் என்று வரம்போடு ஒட்டிப் படுக்க வைப்பார்கள். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் உள்ளே பிடிமானமே இருக்காது. அங்கேதான் வயிறு தள்ளும். நீளக் கல்லின் தலை வெளியே, உடம்பு மலைக்குள்ளே போக வேண்டும். ஒவ்வொரு கல்லும் கீழே இரண்டு கல்லில் உட்கார வேண்டும், மூட்டின் மேல் மூட்டு வரக்கூடாது. பின்புறத்தை மண்ணால் நிரப்பாமல் ஒரு முழத்துக்கு உடைகல்லால் நிரப்புங்கள். 4 அடிக்கு மேல் உயர்த்த வேண்டுமென்றால் நீங்களாகச் செய்யாதீர்கள்.

படியின் தளத்தை மலைப் பக்கம் லேசாகச் சரித்து, மேல் வரம்பின் அடியில் சின்னக் கான் விடுங்கள். பள்ளத்தாக்கில் இருக்கிற நெல் வயல் படி வேறு, அது தண்ணீரை நிறுத்தவே கட்டியது. மரக்கறிப் படியில் தண்ணீர் நிற்கக்கூடாது.

பயிரில் என் கவலை கிழங்கும் கரட்டும்தான். தோண்டி எடுத்ததும் நிலம் பொடியாகி வெறுமையாகக் கிடக்கும், அப்போது வருகிற ஒரு மழை போதும். ஆறு படியிலும் ஒரே நேரத்தில் அறுவடை வராதபடி போடுங்கள். தோண்டிய படியைக் காட்டுச் சூரியகாந்தித் தழை வெட்டி மூடுங்கள், அது மக்கி எருவுமாகும். கிழங்கு போட்ட படியில் அடுத்து தக்காளி, மிளகாய் வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம், வாடல் நோய் மண்ணிலேயே காத்திருக்கும். போஞ்சி போடுங்கள். வரம்பின் விளிம்பில் மானாப்புல்லோ வெட்டிவேரோ நடலாம். பட்டர் புரூட் போன்ற மரங்களை வரம்பிலிருந்து தள்ளி வையுங்கள், வேர் கல்லைப் பெயர்க்கும்.

உரம் போடுமுன் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லி மண்ணைப் பரிசோதியுங்கள். வருஷக்கணக்காகக் கோழி எருவும் உரமும் கொட்டிய மரக்கறித் தோட்டங்களில் பொசுபரசு தேவைக்கு மேல் சேர்ந்திருப்பது வழக்கம். அதில் மிச்சமாகும் காசைக் கல் அடுக்கத் தெரிந்த ஆளுக்குக் கூலியாகக் கொடுங்கள்.