பழைய தெலுக் ஆன்சன் அஞ்சலட்டையின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் தோட்டத்தில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த அகலமான மடிப்பு அஞ்சலட்டை எந்தக் காலத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். பேராக் ஆற்றங்கரையில் ஊர் முழுக்க நீளமாகத் தெரிகிறது, 'தெலுக் ஆன்சன்' என்று அச்சாகியிருக்கிறது என்கிறீர்கள். தெலுக் இந்தான் என்று பெயர் மாறியது 1982இல்தான். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் ஆன்சன் என்றே சொல்வார்கள். ஆக, பெயரை மட்டும் வைத்து ஒன்றும் முடிவாகாது.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் கோடு போட்டு ஒரு பக்கம் செய்தி, மறுபக்கம் விலாசம் என்று இருந்தால் 1902க்கு முந்தியதாக இருக்காது. பிரிட்டனே அந்த ஆண்டில்தான் அதை அனுமதித்தது. அப்புறம் தபால்தலை. பாயும் புலி என்றால் பெரும்பாலும் ஐக்கிய மலாய் மாநிலங்களின் காலம், அதாவது பேராக் உட்பட நான்கு மாநிலங்கள் பிரிட்டிஷ் பாதுகாப்பில் ஒன்றாக இருந்த காலம். பேராக் சுல்தான் இஸ்கந்தர் படம் என்றால் 1935 அல்லது அதற்குப் பிறகு. முத்திரையில் தேதி தெளிவாக இருந்தால் நல்லது, ஆனால் அது அனுப்பிய நாள்தான். படம் பல வருடம் முந்தியதாகவும் இருக்கலாம்.

படத்தில் சாய்ந்த கோபுரம் தெரிகிறதா? அது 1885இல் கட்டியது, ஆகப் படம் அதற்கு முந்தியதாக இருக்காது. அகலமான காட்சி ஒரே படமா என்று அறிய, மடிப்பு ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: இரண்டு மூன்று படங்களை ஒட்டியிருந்தால், படகோ கூரையோ அந்த இடத்தில் கொஞ்சம் பிசகி நிற்கும். தயவுசெய்து லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது.