டாப்ஸி கல்லுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: ஓசூருக்கும் தளிக்கும் நடுவே எங்கள் ஊர். ஏரிக்கரையை ஒட்டி, புளியமரத்தடியில் முழங்கால் உயரத்துக்குப் பதினோரு கற்கள் இருக்கின்றன. மூன்றில் ஆங்கில எழுத்து. ஒன்றில் ‘டாப்ஸி, 1908’ என்று படிக்க முடிகிறது, இன்னொன்றில் 1934. துரைமார் வளர்த்த நாய், குதிரைகளைப் புதைத்த இடம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போது பக்கத்தில் மனைப்பிரிவு போடுகிறார்கள். ஒரு கல்லை ஏற்கெனவே ஒருவர் தூக்கிப்போய்த் துணி துவைக்கப் போட்டுவிட்டார். இதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்க வைக்க முடியுமா? யாரிடம் மனு கொடுப்பது?

பதில்: மனுவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்தப் புளியமரம் எந்தப் புல எண்ணில், அதாவது சர்வே நம்பரில், நிற்கிறது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. எனக்கு வருகிற இந்த மாதிரிக் கடிதங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான்: கல்லைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கும், நிலத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. கல்லுக்குப் பொறுப்பு யார் என்பதை முதலில் சொல்வது நிலம்தான்.

கிராம நிர்வாக அலுவலரிடம் போய் புலப்படமும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேட்டு நகலும் (எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் பதிவேடு) வாங்குங்கள். முடிந்தால் சர்வேயரை வைத்து அளந்து, கற்கள் ஏரிப் புறம்போக்கில் இருக்கின்றனவா, பட்டா நிலத்தில் இருக்கின்றனவா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இன்றைய பதிவேட்டோடு நிறுத்திவிடாதீர்கள். யு.டி.ஆர். என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்புக்கு முந்தைய, பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் கேளுங்கள். பழையதில் ‘கல்லறை’ என்றோ வேறு ஏதாவதோ ஒரு குறிப்பு இருந்து, புதியதில் விழுந்துபோயிருக்கலாம். அப்படி ஒரு சொல் கிடைத்தால் அது பத்து மனுவுக்குச் சமம்.

இடம் ஏரிப் புறம்போக்கு என்றால் வேலை பாதி குறையும். 100 ஏக்கருக்குக் குறைவான பாசனம் உள்ள ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேல் நீர்வளத் துறை. ஏரி ஆக்கிரமிப்பைத் தடுக்க 2007ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. கல்லுக்காக வராத அதிகாரி கரைக்காக வருவார். பழைய கால்நடைப் பண்ணை நிலமாக இருந்தால் கால்நடை பராமரிப்புத் துறைக்கு எழுத வேண்டும்.

பட்டா நிலம் என்றால்தான் சிக்கல். ஆனால் அதற்கும் ஒரு வழி உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர், அதில் 10 சதவீதத்தைப் பொது இடமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். பூங்கா என்று வரைபடத்தில் பச்சை அடித்துக் காட்டுவார்களே, அதுதான். பெரும்பாலும் விற்காத ஒரு மூலையைப் பார்த்து ஒதுக்குவார்கள். அந்த மூலை உங்கள் புளியமரத்தடியாக இருந்தால் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அதனால் மனை போடுகிறவரை எதிரியாக நினைத்துக்கொண்டு பேசப் போகாதீர்கள். மரமும் கல்லும் உள்ள பூங்கா என்றால் மனையின் விலைகூட ஏறும் என்று அவரிடமே சொல்லிப் பாருங்கள். கூடவே, நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு வரைபட ஒப்புதலுக்கு முன்னாலேயே ஒரு கடிதம் போக வேண்டும். ஒப்புதல் ஆன பிறகு எழுதினால், அவர்கள் பதில் எழுதுவதற்குள் ஜேசிபி வேலையை முடித்திருக்கும்.

சரி, சட்டப்படி அறிவிக்க முடியுமா? தமிழ்நாட்டில் இதற்கான சட்டம் 1966ஆம் ஆண்டுடையது. குறைந்தது 100 ஆண்டு பழமை வேண்டும். அரசு முதலில் உத்தேச அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் அவகாசம் தந்து, அதன்பின் இறுதி அறிவிப்பு செய்யும். 1908 கல் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. 1934 கல் தனியாக நின்றால் தாண்டாது. எனவே மனுவில் கல் கல்லாகப் பிரித்து எழுதாமல், பதினொன்றும் சேர்ந்த ஒரே இடம், 1908க்கு முன்போ அந்த ஆண்டிலோ தொடங்கியது என்று எழுதுங்கள். தொல்லியல் துறை ஆணையருக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று. திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பு வரும் என்று காத்திருந்து கற்களைத் தொலைத்துவிடாதீர்கள். நம் பக்கத்தில் ஆயிரம் ஆண்டு பழைய நடுகற்களே வயல் வரப்பில் வரிசை கட்டி நிற்கின்றன. அந்தப் பட்டியலில் டாப்ஸிக்கு முன்வரிசை கிடைப்பது கஷ்டம். பூங்கா ஏற்பாடும் கிராம சபைத் தீர்மானமும் இதைவிட வேகமாக வேலை செய்யும்.

ஆதாரம் தேடுகிறவர்கள் செய்கிற ஒரு தவறு, கிருஷ்ணகிரி மாவட்டம் என்ற பெயரில் தேடுவது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். அதற்கு முன் தர்மபுரி, 1965க்கு முன் சேலம். டாப்ஸி செத்தபோது ஓசூர் சேலம் மாவட்டத்துத் தாலுகா. ஆகவே எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சேலம் மாவட்டப் பதிவுகளைக் கேட்க வேண்டும். ரிச்சர்ட்ஸ் தொகுத்த 1918ஆம் ஆண்டு சேலம் கெசட்டியரில் (மாவட்ட விவர நூல்) ஓசூர்ப் பக்கத்துச் செய்திகளைப் புரட்டிப் பாருங்கள். ஓசூரை ஒட்டிய மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824இல் ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கியது என்பதையும் மனதில் வையுங்கள். குதிரைக்காரத் துரைமார் இந்த வட்டாரத்தில் இருந்தது தெரிந்த கதைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு உங்கள் கற்களும் பண்ணையைச் சேர்ந்தவை என்று மனுவில் எழுதிவிடாதீர்கள். ஒரு வரி தவறானால் மீதி எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள். பெரியவர்கள் சொல்வதை ‘ஊரார் சொல்வது’ என்று தலைப்புப் போட்டு, சொன்னவர் வயதோடு தனியாக எழுதுங்கள்.

அப்புறம், கல்லைத் தொடுகிற விஷயம். பல வருடத்துக்கு முன் ஒரு புலிகுத்திப்பட்டான் கல்லை (புலியோடு போராடி இறந்தவனுக்கு வைத்த நடுகல்) பார்த்து, எழுத்து தெளிவாக இருக்கிறது, அடுத்த வாரம் படியெடுக்க வருகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டு வந்தேன். போனபோது கல் பளபளவென்று இருந்தது. நான் வருகிறேன் என்ற மரியாதையில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, எழுத்துப் பள்ளத்தில் வெள்ளை எனாமல் நிரப்பியிருந்தார்கள், அதுவும் அவர்களுக்குத் தோன்றிய எழுத்தாக. வாயைத் திறந்தது என் தப்பு. உங்கள் ஊரிலும் கல்லுக்கு ஆசிட், சுண்ணாம்பு, சிமென்ட், பெயிண்ட் எதுவும் வேண்டாம். மேலே படர்ந்த பாசியையும் சுரண்ட வேண்டாம். தென்னந்துடைப்பத்தால் மண்ணைத் தட்டிவிட்டு வெறும் தண்ணீர் தெளித்தால் போதும்.

படிக்க முடியாத எழுத்துக்கு வெளிச்சம்தான் மருந்து. உச்சி வெயிலில் எடுத்த படம் பயன்படாது. இருட்டிய பிறகு போய், டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கன்னத்தை ஒட்டிப் பிடிப்பதுபோல் சாய்த்துப் பிடியுங்கள். பகலில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்தது நிழல் விழுந்து எழுத்தாக எழும்பும். ஒவ்வொரு கல்லையும் அளவுகோலோடு நான்கு பக்கமும் படம் எடுங்கள், ஒரு தாளில் எந்தக் கல் எங்கே, எந்தத் திசை பார்த்து என்று வரையுங்கள். தோண்ட மட்டும் வேண்டாம். இடத்தை ஃபேஸ்புக்கில் வரைபடத்தோடு போடவும் வேண்டாம். நம் மாவட்டத்தில் பழைய கல் என்றாலே அடியில் புதையல் என்று கடப்பாரையோடு வருகிறவர்கள் உண்டு.

கிராம சபையில் பேசும்போது ஒருவராவது கேட்பார்: வெள்ளைக்காரன் நாய்க்கு நாம் எதற்குக் காவல்? நியாயமான கேள்வி. பதில் பக்கத்திலேயே இருக்கிறது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், 7ஆம் நூற்றாண்டில், எழுப்பிய நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்திக்கு வைத்த கல். அவனோடு அவன் நாயும் அதில் நிற்கிறது. இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். கர்நாடகத்தில் மண்டியா பக்கம் ஆதகூரில், காட்டுப்பன்றியோடு மோதிச் செத்த காளி என்ற நாய்க்கு 10ஆம் நூற்றாண்டில் கல் நட்டு, அந்தக் கல்லுக்குப் பூசை நடக்க நிலமும் விட்டார்கள். அந்தக் கல் இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில். ஓசூரிலிருந்து ஒரு பஸ் தூரம். நாய்க்குக் கல் வைப்பது துரைமார் கொண்டுவந்த பழக்கம் இல்லை என்று சொல்லுங்கள், சபை கேட்கும்.

பாரிஸை ஒட்டிய அன்யேரில் 1899இல் தொடங்கிய நாய்க் கல்லறையை மூடப் பார்த்தபோது, 1987இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கியது. நியூயார்க் மாநிலத்து ஹார்ட்ஸ்டேல் செல்லப்பிராணிக் கல்லறை 2012இல் அமெரிக்காவின் வரலாற்றிடங்களுக்கான தேசியப் பட்டியலில் ஏறியது. மனுவில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு வரி போதும்.

தீர்மானத்தில் புல எண், கற்களின் எண்ணிக்கை, படங்கள் இணைப்பு மூன்றும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. எது அடுத்து வருகிறதோ அதற்கு ஒரு வாரம் முன்பே தலைவரிடம் சொல்லிப் பொருள்பட்டியலில் ஏற்றிவிடுங்கள்.

துவைக்கிற கல்லுக்கு இப்போதே போக வேண்டும். தினமும் சோப்பும் அடியும் விழுந்தால் எழுத்து தாங்காது. எடுத்தவரோடு சண்டை வேண்டாம், அவருக்கு அது கல்தான். ஓசூர்ப் பக்கம் கிரானைட் பட்டறையில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள் கிடைக்கும். அதில் அகலமாக ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள், எந்தக் குழியிலிருந்து எடுத்தார் என்பதை அவரையே கூட்டிப்போய்க் காட்டச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள்.