வைரஸ் செல்லுக்குள் நுழையும் அந்தச் சில நிமிடங்கள்: கேள்வி பதில்

கேள்வி (மேல்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியை): வைரஸ் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில், அதாவது அது பிடித்துக்கொள்ளும் மூலக்கூறில், ஒட்டிக்கொண்டால் உள்ளே போய்விடும் என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். அது போதுமா, சார்?

பதில்: போதாது, மேடம். ஒட்டுவது வேறு, நுழைவது வேறு. பாடத்தில் பெரும்பாலும் விடுபடுவது இரண்டாவதுதான்.

ஃப்ளூ வைரஸை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பில் ஹீமக்ளூட்டினின் என்ற முள் புரதம் நூற்றுக்கணக்கில் நிற்கும். மூன்று ஒரேமாதிரி அலகுகள் சேர்ந்தது ஒரு முள், உயரம் சுமார் 13.5 நானோமீட்டர். தலைப்பகுதி செல்லின் மேற்பரப்பிலுள்ள சயாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடிக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இந்தப் பிடி மிகப் பலவீனம். பல முட்கள் ஒரே நேரத்தில் பிடிப்பதால்தான் வைரஸ் நழுவாமல் நிற்கிறது. பிறகு செல்லே அதை ஒரு பைக்குள், அதாவது எண்டோசோமுக்குள் இழுத்துக்கொள்கிறது. இப்போதும் வைரஸின் மரபுப்பொருள் செல்லின் உட்பகுதியைத் தொடவில்லை. நடுவில் இரண்டு கொழுப்புச் சவ்வுகள் இருக்கின்றன, வைரஸுடையது ஒன்று, எண்டோசோமுடையது ஒன்று. அவை தானாக ஒன்று சேராது. சவ்வுகளின் மேல் ஒட்டியிருக்கும் நீரை விலக்கவே நிறைய ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலை செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி தருவதில்லை, புரதம் தன் மடிப்பிலேயே சேமித்து வைத்திருக்கிறது.

எண்டோசோம் அமிலமாகி பிஎச் 5.0 முதல் 5.5-க்கு வந்ததும் தலைப்பகுதிகள் விலகும். தண்டின் நடுவில் வளைந்து கிடந்த ஒரு துண்டு நேரான சுருளாக நிமிர்ந்து, உள்ளே மறைந்திருந்த இணைவுப் பெப்டைடை, அதாவது சவ்வில் குத்தும் சிறு புரதத் துண்டை, சுமார் 10 நானோமீட்டர் மேலே தூக்கி எண்டோசோம் சவ்வில் குத்தும். இப்போது ஒரே புரதம் இரண்டு சவ்வுகளையும் பிடித்திருக்கிறது. அடுத்து அது தன்மேலேயே மடங்க, சவ்வுகள் நெருங்குகின்றன. முதலில் வெளி அடுக்குகள் மட்டும் கலக்கும், இதுதான் அரை இணைவு. பிறகு உள் அடுக்குகளும் கலந்து துளை திறக்கும். ஒரு முள்ளால் இது முடியாது. பக்கத்துப் பக்கத்தில் சில முட்கள் சேர்ந்து மடங்க வேண்டும்.

இழுத்துப் பூட்டிய எலிப்பொறி என்று மாணவர்களிடம் சொல்லலாம். ஒருமுறை விழுந்தால் விழுந்ததுதான், மறுபடி தானாகப் பூட்டிக்கொள்ளாது. கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் இந்த ஒரு தன்மையே அடிப்படை.

கேள்வி (கால்நடை மருத்துவ மாணவர்): சில பறவைக் காய்ச்சல் வகைகள் மட்டும் கோழியின் உடல் முழுக்கப் பரவிக் கொல்வது ஏன்?

பதில்: புரதம் பூட்டப்படும் விதம் காரணம். ஹீமக்ளூட்டினின் முதலில் ஒரே நீளச் சங்கிலியாக உருவாகிறது. அந்த நிலையில் எவ்வளவு அமிலம் பட்டாலும் அது அசையாது. ஒரு புரதவெட்டி நொதி அதைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்ட வேண்டும். வெட்டிய முனைதான் இணைவுப் பெப்டைடின் தொடக்கம். சாதாரண வகைகளில் அந்த இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் ஒன்று மட்டும் இருக்கும். அதை வெட்டும் டிரிப்சின் போன்ற நொதிகள் சுவாசப் பாதையிலும் பறவையின் குடலிலும்தான் அதிகம், ஆகவே தொற்றும் அங்கேயே நிற்கும். கொடிய எச்5, எச்7 வகைகளில் அதே இடத்தில் ஆர்ஜினினும் லைசின் என்ற அமினோ அமிலமும் வரிசையாகக் குவிந்திருக்கும். அதை ஃபியூரின் என்ற நொதி வெட்டும். ஃபியூரின் இல்லாத திசு கிடையாது என்றே சொல்லலாம்.

கேள்வி (முனைவர் பட்ட ஆய்வாளர்): ஹீமக்ளூட்டினின் மரபணுவை பிஎச்கே-21 என்ற ஆய்வகச் செல்களில் செலுத்தி, அமிலம் கொடுத்து, செல்கள் ஒன்றாகக் கலந்து பல்கரு செல் உருவாகிறதா என்று பார்க்கிறேன். புரதம் மேற்பரப்பில் இருப்பது உறுதி. ஆனாலும் இணைவே இல்லை. எங்கே தவறுகிறது?

பதில்: வரிசையாகச் சரிபாருங்கள். முதல் சந்தேகம் வளர்ப்பு ஊடகத்தில் உள்ள சீரம். அதில் டிரிப்சினைத் தடுக்கும் புரதங்கள் உண்டு. சீரம் இல்லாத திரவத்தால் செல்களை இரண்டு முறை கழுவிய பிறகே டிபிசிகே என்ற வேதிப்பொருளால் பதப்படுத்திய டிரிப்சினைச் சேருங்கள்: மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம், 37 டிகிரி, 5 முதல் 15 நிமிடம். செல்கள் தட்டிலிருந்து கழன்றால் அளவையோ நேரத்தையோ குறையுங்கள். பிறகு சீரம் கலந்த ஊடகம் ஊற்றி டிரிப்சினை நிறுத்தி, மறுபடி கழுவுங்கள்.

அடுத்தது அமிலம். பைகார்பனேட் உள்ள ஊடகத்தின் பிஎச்சை இறக்கிப் பயன்படுத்தாதீர்கள், இன்குபேட்டரை விட்டு வெளியே வந்ததும் ஏறிவிடும். எம்இஎஸ் அல்லது சிட்ரேட் என்ற தாங்கல் பொருள் சேர்த்த பிபிஎஸ் உப்புக் கரைசலை பிஎச் 5.0-க்குக் கொண்டுவந்து, 37 டிகிரிக்குச் சூடாக்கி, 5 நிமிடம் விடுங்கள். காகிதப் பட்டையை நம்ப வேண்டாம், மீட்டரில் அளவிடுங்கள். குளிர்ந்த தாங்கல் கரைசல் ஊற்றினால் இணைவு வெகுவாகக் குறையும். இது பலரும் செய்யும் பிழை. பிறகு முழு ஊடகம் சேர்த்து 1 முதல் 3 மணி நேரம் கழித்து ஜீம்சா சாயமிட்டுப் பாருங்கள்.

செல்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு அடர்ந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். பக்கத்துச் செல் இல்லாவிட்டால் இணைய எதுவுமில்லை. டிரிப்சின் இல்லாத தட்டு ஒன்றும், அமிலம் இல்லாத தட்டு ஒன்றும் ஒப்பீட்டுக்குக் கட்டாயம். எல்லாம் சரியானதும் பிஎச் 4.8 முதல் 6.0 வரை 0.2 இடைவெளியில் ஓட்டுங்கள், உங்கள் திரிபின் தொடக்கப் புள்ளி தெரியும்.

இதே ஆய்வாளர்: செல்லில் ஒட்டுவதற்கு முன்பே வைரஸுக்கு அமிலம் கொடுத்தால்?

பதில்: பெரும்பாலான திரிபுகள் வீணாகிவிடும். குத்த எதிர்ச் சவ்வு இல்லாமல் முட்கள் திறந்துகொள்ளும். பிறகு ஒட்டினாலும் இணையாது. ரேபிஸ் வைரஸின் முள்ளான ஜி புரதமும் அதன் உறவுக்கார வைரஸ்களின் ஜி புரதமும் இதற்கு விதிவிலக்கு, பிஎச் உயர்ந்தால் பழைய வடிவத்துக்குத் திரும்பும்.

கேள்வி (மருந்தாளுநர்): ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆய்வகத்தில் கொரோனாவைத் தடுத்தது, நோயாளிகளிடம் தோற்றது. ஏன், ஐயா?

பதில்: எந்தச் செல்லில் சோதித்தார்கள் என்று பாருங்கள். அது வீரோ செல், குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்தது. அதில் கொரோனாவின் முள்ளான ஸ்பைக் புரதத்தை வெட்டும் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 நொதி போதிய அளவில் இல்லை. அதனால் வைரஸ் எண்டோசோமுக்குள் போய், அமிலத்தில் வேலை செய்யும் கேத்தெப்சின் எல் நொதியால் வெட்டுப்பட்டாக வேண்டும். இந்த மருந்து எண்டோசோமின் அமிலத்தைக் குறைப்பதால் அங்கே தடுத்தது. மனிதச் சுவாசப் பாதையில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 உண்டு. ஸ்பைக் புரதம் செல்லின் ஏற்பியான ஏசிஇ2-வைப் பிடித்ததும் அந்த நொதி செல்லின் மேற்பரப்பிலேயே வெட்டிவிடுகிறது. அமிலம் தேவையே இல்லை. கேலு-3 என்ற மனித நுரையீரல் செல் வரிசையில் 2020-இல் குளோரோகுயினைச் சோதித்தபோதே அது தடுக்கவில்லை. நுழைவைத் தடுக்கும் எந்த மருந்தையும் ஒரே செல் வரிசையை வைத்து மதிப்பிடக் கூடாது.

கேள்வி (செவிலியர்): தடுப்பூசிக்கும் இந்த வடிவ மாற்றத்துக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரடித் தொடர்பு. பயனுள்ள எதிரணுக்கள் (ஆன்டிபாடிகள்) பல, விரியாத முள்ளை, அதாவது இன்னும் பூட்டிய நிலையில் உள்ள முள்ளைத்தான் பிடிக்கும். 1960-களில் சுவாசப் பாதையைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸை ஃபார்மலினால் செயலிழக்கச் செய்து குழந்தைகளுக்குத் தடுப்பூசியாகப் போட்டார்கள். பாதுகாப்பு கிடைக்கவில்லை, பிறகு தொற்று வந்தபோது நோய் தீவிரமாகி இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அந்த ஊசியில் இருந்த, ஆர்எஸ்வியின் இணைவுப் புரதமான எஃப் புரதம் பெரும்பாலும் விரிந்து முடிந்த வடிவம் என்பது வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. தீங்குக்கு அது ஒரு காரணம், முழுக் காரணமல்ல. 2013-இல் விரியாத எஃப் புரதத்தின் அமைப்பு வெளியானது, அதை அப்படியே நிலைநிறுத்தும் மாற்றங்களும் கண்டறியப்பட்டன. அதன்மேல் கட்டிய ஆர்எஸ்வி தடுப்பூசிகள் 2023-இல் அனுமதி பெற்றன.

கொரோனா ஸ்பைக்கில் 986, 987 ஆகிய இடங்களில் புரோலின் என்ற அமினோ அமிலம் இரண்டை வைத்து இதையே செய்தார்கள். புரோலின் இருந்தால் அந்த இடம் நேரான சுருளாக நிமிர முடியாது. ஃபைசர், மாடர்னா, நோவாவாக்ஸ் ஊசிகளில் இந்த மாற்றம் உண்டு. கோவிஷீல்டில் இல்லை.

கேள்வி (ஆலோசகர், எச்.ஐ.வி. சிகிச்சை மையம்): நுழைவைத் தடுக்கும் எச்.ஐ.வி. மருந்து எந்தக் கட்டத்தில் குறுக்கிடுகிறது?

பதில்: இரண்டைச் சொல்கிறேன். மராவிரோக், வைரஸ் பிடிக்கும் செல்லின் சிசிஆர்5 ஏற்பியை மறிக்கிறது. சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறொரு ஏற்பி வழியாக நுழையும் வைரஸுக்குப் பலிக்காது, எனவே முன்பே பரிசோதனை தேவை. என்ஃபுவிர்டைடு 36 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத் துண்டு. நிமிர்ந்து குத்திய ஜிபி41, அதாவது எச்.ஐ.வி.யின் இணைவுப் புரதம், மடங்குவதற்கு முன் அதில் ஒட்டி, மடிப்பை நிறுத்துகிறது. 90 மில்லிகிராம், தினம் இரண்டு ஊசி என்பதால் வேறு வழியில்லாதவர்களுக்கே தந்துவந்தார்கள்.

கேள்வி (இல்லத்தரசி): சானிடைசர் எல்லா வைரஸையும் கொல்லுமா?

பதில்: இல்லை, அம்மா. மேலே பேசியதெல்லாம் கொழுப்பு உறை உள்ள வைரஸ்கள். ஆல்கஹால் அந்த உறையைச் சிதைத்துவிடும். வாந்தி பேதி தரும் நோரோவைரஸுக்கு உறையே இல்லை, வெறும் புரதக் கூடுதான். சானிடைசர் அதை எளிதில் அசைக்காது. சோப்பும் ஓடும் நீரும் கையிலிருந்து கழுவி அகற்றும். வாந்தி பட்ட தரையைத் துடைத்தபின் 1000 முதல் 5000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) குளோரின் உள்ள ப்ளீச் கரைசலை ஊற்றி, குறைந்தது 5 நிமிடம் ஈரமாகவே விடுங்கள்.