ஐ.எஸ்.ஓ. 45001 சான்றிதழ் இருந்தால் விபத்து வழக்கிலிருந்து தப்ப முடியுமா?

கேள்வி: ஓசூரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் சிறு தொழிற்சாலையை மூன்று பங்குதாரர்கள் சேர்ந்து நடத்துகிறோம். 85 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் 35 பேர் கான்ட்ராக்டர் மூலம் வருபவர்கள். எங்களிடம் உதிரிபாகம் வாங்கும் நிறுவனம், தொழிலிடப் பாதுகாப்பு முறைமைக்கான ஐ.எஸ்.ஓ. 45001 சான்றிதழ் கேட்கிறது. எல்லாக் கோப்புகளையும் தானே தயார் செய்து தருவதாகவும், சான்றிதழ் வந்துவிட்டால் எந்த வழக்கும் நிற்காது என்றும் ஓர் ஆலோசகர் சொல்கிறார். சென்ற மாதம் பவர் பிரஸ்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவரின் வலது கையில் இரண்டு விரல்களின் நுனி துண்டாகிவிட்டது. தனியார் மருத்துவமனைச் செலவை நாங்களே ஏற்றோம். ‘எனக்குப் புகார் ஏதும் இல்லை’ என்று அவரிடம் எழுதி வாங்கியிருக்கிறோம், வேறெங்கும் தெரிவிக்கவில்லை. இனி நாங்கள் என்ன செய்ய வேண்டும்? பொறுப்பு எங்களுடையதா, கான்ட்ராக்டருடையதா, நியமிக்கப் போகும் சேஃப்டி ஆபிசருடையதா?

பதில்: நீங்கள் சான்றிதழை முதலில் வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். நான் விபத்திலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் சான்றிதழுக்கு அவகாசம் இருக்கிறது, விபத்தை அறிவிப்பதற்கான அவகாசம் ஏற்கெனவே கடந்துவிட்டது.

தொழிற்சாலைகள் சட்டம் 1948-இன் இடத்தில், தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத்தொகுப்பு 2020, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட விதிகள், புதிய தொகுப்புக்கு முரண்படாத அளவுக்கு, புதிய விதிகள் வரும் வரையிலான இடைக்காலத்தில் தொடர்கின்றன. மின்விசையைப் பயன்படுத்தும் இடத்தில் 20 பேர் வேலை செய்தாலே அது தொழிற்சாலை என்பதால், உங்கள் நிறுவனம் இதற்குள் அடங்குவதில் ஐயமில்லை.

விபத்தில் காயமடைந்தவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத நிலை ஏற்பட்டால், உரிய அதிகாரிக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது பழைய சட்டத்தின் 88-ஆவது பிரிவிலும் இருந்தது, புதிய தொகுப்பின் 10-ஆவது பிரிவிலும் இருக்கிறது. விரல் நுனியை இழந்தவர் மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பியிருக்க வாய்ப்பில்லை. எனவே தாமதத்துக்கான காரணத்தை உள்ளபடியே எழுதி, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகத்துக்கு இந்த வாரமே அறிவிப்பை அனுப்புங்கள். முன்தேதியிட்டு அனுப்பலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். அறிவிப்புத் தராதது ஒரு குற்றம், ஆவணத்தைப் பொய்யாக உருவாக்குவது தனிக் குற்றம், நீதிமன்றத்தில் இரண்டாவதே உங்களைக் கூடுதலாகக் காயப்படுத்தும்.

விரல் நுனி துண்டானது உடலின் ஒரு பகுதியை நிரந்தரமாக இழப்பதாகும் என்பதால், சட்டத்தின் பார்வையில் இது ‘கடுமையான உடற்காயம்’. பாதுகாப்புக் கடமையை மீறியதால் இத்தகைய காயம் நேர்ந்தால், புதிய தொகுப்பின் 103-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறையாமல் நான்கு லட்சம் ரூபாய்க்கு மிகாத அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உயிரிழப்பு நேர்ந்திருந்தால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைப் பாதிக்கப்பட்டவருக்கோ வாரிசுகளுக்கோ தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். இதைத் தவிர, இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆவது பிரிவின் கீழ் காவல்துறை தனியே வழக்குப் பதிவு செய்யவும் இடமுண்டு.

அடுத்தது இ.எஸ்.ஐ. அந்தத் தொழிலாளியின் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டதாக இருந்து, கான்ட்ராக்டர் அவர் பெயரைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தாலும், அவர் உரிமை இழந்தவர் ஆகிவிட மாட்டார். யாருக்காகச் சந்தா செலுத்தப்பட்டதோ அவர் மட்டுமல்லர், யாருக்காகச் செலுத்தப்பட வேண்டியிருந்ததோ அவரும் காப்பீடு செய்யப்பட்டவரே என்பது சட்டத்தின் வாசகம். சந்தாவைக் கட்டத் தவறியது முதன்மை முதலாளி என்ற வகையில் உங்கள் தவறாகவே கொள்ளப்படும். இ.எஸ்.ஐ. கழகம் அவருக்குப் பலனை வழங்கிவிட்டு அந்தச் செலவை உங்களிடம் வசூலிக்கலாம், நீங்கள் கான்ட்ராக்டரிடம் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஆகவே கிளை அலுவலகத்துக்கு விபத்து அறிக்கையைக் கொடுத்து, அவரை மருத்துவக் குழுவின் முன் அனுப்புங்கள். நிரந்தர ஊனத்துக்கான பலன் மாதந்தோறும் வாழ்நாள் முழுதும் வருவது. நீங்கள் கட்டிய மருத்துவமனை பில் அதற்கு ஈடாகாது.

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன். கூட்டு நிறுவனத்தில் பங்குதாரர்களில் எவர் ஒருவரும் தொழிற்சாலையின் ‘ஆக்குபையர்’, அதாவது இறுதிக் கட்டுப்பாடு கொண்டு சட்டத்தின் முன் பொறுப்பாக நிற்பவர், ஆகக் கருதப்படுவார். கம்பெனி என்றால் இயக்குநர் ஒருவரே ஆக்குபையராக இருக்க முடியும், ஊழியர் ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு இயக்குநர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்று 1996-இல் ஜே.கே. இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்களுக்கும் இதே நோக்கு பொருந்தும். 500 தொழிலாளர்களுக்குக் குறைவான, அபாயகரமான செயல்முறை இல்லாத தொழிற்சாலைக்குச் சேஃப்டி ஆபிசர் கட்டாயமில்லை. நல்லெண்ணத்தோடு ஒருவரை நியமித்தால் வரவேற்கிறேன், ஆனால் அவர் உங்கள் ஆலோசகராகவே இருப்பார், உங்களுக்குப் பதில் கூண்டில் நிற்பவராக அல்ல. தொகுப்பின் ஒப்பந்தத் தொழிலாளர் அத்தியாயம் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தானே பொருந்தும் என்று உங்கள் கான்ட்ராக்டர் சொல்லக்கூடும். அது உண்மைதான், ஆனால் பாதுகாப்புக் கடமைக்கு அந்த எண்ணிக்கை பொருட்டே இல்லை, உங்கள் கூரையின் கீழ் உங்கள் பிரஸ்ஸில் கை வைப்பவர் எவரானாலும் அவருக்கு நீங்கள் கடமைப்பட்டவர்.

இனி சான்றிதழ். ஐ.எஸ்.ஓ. 45001 என்பது 2018-இல் வெளிவந்த, விரும்பினால் ஏற்கக்கூடிய தரநிலை. அது இருந்தால் வழக்கு வராது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சட்டம் உங்களுக்குத் தரும் தற்காப்பு வேறு: கடமையை நிறைவேற்ற உரிய கவனம் எடுத்தேன், என் அறிவும் சம்மதமும் இல்லாமல் இன்னார் மீறினார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். இதற்கு மேல் செய்வது நடைமுறையில் சாத்தியமில்லை என்று காட்டும் சுமையும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. அந்த நிரூபணத்துக்குச் சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டிய சான்றிதழ் உதவாது; அன்றாடப் பதிவேடுகளே உதவும்.

ஆனால் பதிவேடு இரு பக்கமும் வெட்டும் என்பதை ஆலோசகர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். விலைக்கு வாங்கிய கோப்பில், ‘பவர் பிரஸ்: கை நசுங்கும் அபாயம், மிக அதிகம், தீர்வு: இரு கை பொத்தான், பாதுகாப்பு கார்டு’ என்று ஒரு வரி இருக்கிறது என்று வையுங்கள். பிரஸ்ஸில் அந்தக் கார்டு, அதாவது கையைத் தடுக்கும் மறைப்பு, கழற்றப்பட்டு, டை எனப்படும் அச்சுகளை வைக்கும் ராக்கின் மேல் தூசி படிந்து கிடக்கிறது. எதிர்த்தரப்பு அந்தக் கோப்பையே சான்றாவணமாகக் குறியிட்டு, அபாயத்தை அறிந்தும் விட்டீர்களா என்று கேட்கும்போது, உங்களிடம் பதில் இருக்காது. பயிற்சிப் பதிவேட்டில் நாற்பது கையெழுத்தும் ஒரே பேனாவில் ஒரே சாய்வில் இருந்தால், அதைப் பார்க்கும் ஆய்வாளர் மேற்கொண்டு எதையும் நம்ப மாட்டார். உலோகத் தொழிற்சாலையின் கையேட்டில் சாயத்தொட்டி பற்றிய பக்கங்கள் வருவதும் உண்டு; எங்கோ திருப்பூருக்காக எழுதியது பெயர் மட்டும் மாறி ஓசூருக்கு வந்திருக்கும்.

ஆகவே முறைமையை அந்தப் பிரஸ்ஸிலிருந்தே கட்டத் தொடங்குங்கள். விபத்து நடந்த ஷிப்டில் கார்டு இருந்ததா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று ஆபரேட்டரையும் ஹெல்பரையும் டை செட்டரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். கார்டு இருந்தால் மணிக்கு எத்தனை துண்டு குறையும், அந்தக் குறைவுக்காக யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பது அந்தப் பேச்சில்தான் வெளியே வரும்; உற்பத்தி இலக்கைத் தொடாமல் கார்டைத் திரும்ப மாட்டினால் அடுத்த வாரம் அது மீண்டும் கழன்றுவிடும். கையுறையும் அறிவிப்புப் பலகையும் கடைசித் தீர்வுகள். டைக்குள் கை போகவே தேவையில்லாதபடி வேலையை மாற்றுவது முதல் தீர்வு, கை உள்ளே இருக்கும்போது பிரஸ் இறங்காதபடி இரு கை பொத்தானோ ஒளித்திரை சென்சாரோ வைப்பது அடுத்தது. டை மாற்றும்போது மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி, சாவியை டை செட்டரே வைத்திருக்கும் வழக்கத்தை எழுத்தில் கொண்டுவாருங்கள்.

பதிவேடு ஒன்று போதும், அதில் நான்கு பத்திகள் இருக்கட்டும்: சொன்ன குறை, சொன்னவர், செய்ய வேண்டியவர், முடித்த தேதி. கடைசிப் பத்தி காலியாக இருக்கும் வரிகளை மாதம் ஒருமுறை பங்குதாரர் ஒருவர் படித்துக் கையெழுத்திட வேண்டும். உரிய கவனம் எடுத்தேன் என்பதற்கு இதைவிட வலுவான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை. கட்டாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாதுகாப்புக் குழு ஒன்றை அமையுங்கள், அதில் கான்ட்ராக்ட் தொழிலாளர் ஒருவரையாவது சேருங்கள். பாதுகாப்புக் கருவிகளுக்காகத் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது என்பது 6-ஆவது பிரிவின் கட்டளை. கான்ட்ராக்டரின் சம்பளப் பட்டியலில் ‘ஷூ’ என்ற பெயரில் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். அனைவருக்கும் நியமனக் கடிதம் கொடுங்கள். சான்றிதழ் தேவைப்படும்போது, என்.ஏ.பி.சி.பி. (சான்றளிக்கும் நிறுவனங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற சான்றளிக்கும் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். கோப்பு எழுதிக் கொடுப்பவரும் சான்று கொடுப்பவரும் ஒரே தரப்பாக இருந்தால் அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை.

இறுதியாக, எழுதி வாங்கிய அந்தக் கடிதம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவே சொல்லியிருந்தது; 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் உள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020-இலும் இந்த விதி தொடர்கிறது. பாதுகாப்புக் குற்றத்துக்கான வழக்கு அரசின் வழக்கு என்பதால், தொழிலாளிக்குப் புகார் இல்லை என்பதால் அது நின்றுவிடாது. கட்டுப் போட்ட கையோடு இருந்தவரிடம், வலது கை விரல்கள் போன பிறகு, இடது கையில் பெற்ற கையெழுத்து அது என்றால், எப்படிப் பெறப்பட்டது என்ற கேள்விதான் முதலில் எழும். அதைக் கிழிக்க வேண்டாம், எங்கும் தாக்கல் செய்யவும் வேண்டாம். விபத்து அறிவிப்பின் நகலையும் இ.எஸ்.ஐ. அறிக்கையின் நகலையும் அவருக்குக் கொடுத்து, அவர் செய்யக்கூடிய வேலையில் அவரைத் திரும்ப அமர்த்துவது பற்றிக் கான்ட்ராக்டரிடம் எழுத்தில் பேசுங்கள்.