பிரிட்டனில் உச்சரிப்பைச் சொல்லி ஒதுக்கினால் சட்டம் துணை நிற்குமா?

தம்பி, "உங்கள் உச்சரிப்பு வாடிக்கையாளர்களுக்குச் சரிப்படாது" என்று சொல்லிப் போன வாரம் உங்களைத் தொலைபேசிப் பிரிவிலிருந்து மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இது சட்டப்படி தவறா, இங்கும் மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று பார்ப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பர்மிங்ஹாமுக்கு வந்த முதல் வருடம் எனக்கும் இது நடந்தது. பக்கத்து ஊரின் பெயரை எழுத்தைப் பார்த்து "வெஸ்ட் பிராம்விச்" என்று படித்துவிட்டேன். ஊரார் "பிராமிச்" என்பார்கள். மேலாளர் திருத்தியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அவரோ நாலு பேர் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துச் சிரித்தார். மூன்றாம் முறை எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

2010 சமத்துவச் சட்டம் வயது, பால், மதம், இனம் என ஒன்பது பண்புகளைப் பட்டியலிட்டுப் பாதுகாக்கிறது. உச்சரிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 'இனம்' என்பதற்குள் பிறந்த நாடும் இனப் பின்னணியும் அடங்கும். நம் உச்சரிப்பு அங்கிருந்துதானே வருகிறது? 2024இல் பிரேசில் நாட்டவர் ஒருவர் தொடர்ந்த வழக்கில், உச்சரிப்பைக் குறித்த பேச்சு இனம் தொடர்பான துன்புறுத்தலாகலாம், பேசியவருக்கு இன வெறுப்பு இருந்தாக வேண்டியதில்லை என்று வேலை வழக்குகளுக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. நீங்கள் பேசுவது எதிர்முனையில் இருப்பவருக்கு உண்மையாகவே புரியவில்லை என்றால் நிறுவனத்துக்கு ஒரு நியாயம் உண்டு. புரிந்தும் பிடிக்கவில்லை என்றால் அந்த நியாயம் நிற்காது.

எனவே, உங்களை மாற்றியவர் சொன்னதைச் சொன்ன ஆங்கிலத்திலேயே, தேதியோடும் அருகில் இருந்தவர்கள் பெயரோடும் இன்றிரவே எழுதி வையுங்கள். பிறகு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தீர்ப்பாயத்துக்குப் போவதானால் முதலில் ஏகாஸ் என்ற சமரச அமைப்பிடம் பதிய வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. மூன்று மாதம்தான் கெடு என்று வைத்துக்கொண்டு, சம்பவம் நடந்த நாளிலிருந்து எண்ணுங்கள். நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருந்தே கெடுவைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில், ஆம், பார்ப்பார்கள். இரவுச் சாப்பாட்டை 'டீ' என்கிறீர்களா 'டின்னர்' என்கிறீர்களா என்பதிலேயே உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று எடைபோட்டுவிடுவார்கள். பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்குத்தான் கட்டணப் பள்ளிகளில் படிக்கிறார்கள். ஆனால் நீதிபதிகளிலும் பெரிய பதவிகளிலும் அந்தப் பள்ளிக்காரர்களே கொட்டிக் கிடக்கிறார்கள்.

இதைத் தடுக்கச் சட்டத்தில் நேரடியாக ஒன்றும் இல்லை. ஏழ்மையால் வரும் ஏற்றத்தாழ்வைப் பொது அமைப்புகள் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் முதல் பிரிவு சொல்கிறது. ஸ்காட்லாந்தில் அது 2018இலும் வேல்ஸில் 2021இலும் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்திலோ பத்தாண்டு கடந்தும் கிடப்பிலேயே போட்டிருந்தார்கள். அந்தப் பிரிவை வைத்துத் தனி ஆள் இழப்பீடு கேட்டு வழக்குப் போடவும் முடியாது. பிரான்ஸில் 2020 நவம்பரில் உச்சரிப்புப் பாகுபாட்டைக் குற்றமாக்கும் மசோதாவுக்குத் தேசிய அவை ஒப்புதல் கொடுத்தது. இங்கேயும் உச்சரிப்பையும் வர்க்கத்தையும் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்குக் காரணம் என்னோடு வேலை பார்த்த ஒரு பெண். பர்மிங்ஹாமிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரப் பெண், கார் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகள். அன்று சிரிக்காமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். என் புகாருக்குச் சாட்சிக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடம் லண்டனில் ஒரு நேர்காணலுக்குப் போனார். "எல்லாம் சரி, ஆனால் உங்கள் பேச்சில் ஊர் வாடை அதிகம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். என் புகாரில் 'இனம்' என்று ஒரு சொல்லை எழுத முடிந்தது. அவருக்காகப் புகார் எழுத இருவரும் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்தோம். அந்த இடத்தில் எழுத ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.